கருவும் கொத்தும்: மூளைத்தண்டின் நரம்புக் கருக்களுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மண்டை நரம்புகள் தோன்றும் அல்லது சென்று முடியும் நரம்பணுத் தொகுதிகள் மூளைத்தண்டினுள் அமைந்துள்ளன. இவற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்குத் தமிழில் 'கரு', 'உட்கரு' ஆகியவை வழங்குகின்றன. இச்சொற்கள் நோயாளிக்கும் உறவினருக்கும் எவ்வாறு கேட்கின்றன, தமிழின் பழைய பொருள் மரபோடு எங்கு மோதுகின்றன, மருத்துவக் கருத்தை எங்கு மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காரைக்காலில் நேர்ந்த ஒரு நிகழ்வு, முகவாதம் என்னும் சொல்லின் இருபொருள் நிலை, யாழ்ப்பாணத்து மருத்துவர் கிறீனின் மொழிபெயர்ப்பு மரபு ஆகியவற்றின் வழியே வாதம் அமைகிறது. 'கொத்து' என்னும் சொல் மாற்றாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், மூளைத்தண்டு, மண்டை நரம்பு, கரு, முகவாதம், கிறீன், காரைக்கால்.

முன்னுரை

கலைச்சொல் ஒன்றை மதிப்பிடும்போது நாம் வழக்கமாக எழுப்பும் வினாக்கள் மூன்று. சொல் தமிழ் வேரிலிருந்து பிறந்ததா, மூலச்சொல்லின் பொருளைத் தாங்குகிறதா, சுருக்கமாக உள்ளதா என்பன அவை. மூன்றும் சொல்லை உருவாக்குபவரின் மேசையிலிருந்து எழும் வினாக்கள். அச்சொல் பிறர் காதில் விழும்போது என்னவாகக் கேட்கிறது என்பது நான்காவது வினா. மருத்துவத் துறையில் இந்த நான்காவது வினாவே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

எடுத்துக்கொண்ட சொற்பரப்பு சிறியது. பெருமூளைக்கும் தண்டுவடத்திற்கும் இடையே, ஏறத்தாழக் கட்டைவிரல் பருமனில் உள்ள பகுதி மூளைத்தண்டு. மேலிருந்து கீழாக நடுமூளை, பாலம், முகுளம் என அதற்கு மூன்று பிரிவுகள். மண்டை நரம்புகள் 12 இணைகள். மோப்ப நரம்பும் பார்வை நரம்பும் ஆகிய முதலிரண்டும் முன்மூளையைச் சார்ந்தவை; எஞ்சிய பத்தும் மூளைத்தண்டோடு தொடர்புடையவை (பதினோராம் நரம்பின் பெரும்பகுதி மேல் கழுத்துத் தண்டுவடத்தில் தோன்றுவது). இந்த எண்முறையை 1778இல் வகுத்தவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் சோமரிங். தலையிலிருந்து கீழ்நோக்கி எண்ணிச் செல்லும் இம்முறை நம் கேசாதிபாத மரபை நினைவூட்டுவது. ஆனால் சிற்றிலக்கியப் புலவர் கண்டதும் சோமரிங் எண்ணியதும் வெளிப்புறத்தையே. நரம்புகள் மூளையைவிட்டு வெளியேறும் இடங்களை எண்ணுவது எளிது. அவை உள்ளே எங்கிருந்து புறப்படுகின்றன என்பதை அறிய மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்தப் புறப்பாட்டு இடங்களின் பெயர்களே இங்கு ஆய்வுப்பொருள்.

ஆய்வுக்குக் காரணமான நிகழ்வு

ஆய்வுக் கட்டுரையில் சொந்த நிகழ்வைக் கூறுவதில் தயக்கம் உண்டு. எனினும் இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை என்பதால் அதனைக் குறிப்பிடுவது நேர்மை.

காரைக்காலில் வாழ்ந்த என் தந்தையின் தாயாருக்கு ஒரு காலைப்பொழுதில் வாய் இடப்புறம் கோணியது. பேச்சு சற்றுக் குழறியது. வீட்டில் இருந்தவர்கள், "முகவாதம்தான், முந்தாநாள் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வந்தாங்கல்ல, காத்து அடிச்சிருக்கு" என்றார்கள். காற்றுப் பட்டால் முகவாதம் வரும் என்பது எங்கள் பக்கத்தில் பரவலான நம்பிக்கை. எண்ணெய் காய்ச்சித் தடவினார்கள். மாலையில்தான் மருத்துவமனைக்குச் சென்றோம். இளம் மருத்துவர் ஒருவர் அவரைப் புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியின் இரு பக்கமும் சீராகச் சுருங்கின. அதைக் கண்ட என் அத்தைக்கு நிம்மதி. "நெத்தி நல்லா இருக்கே டாக்டர், அப்ப லேசாத்தான் வந்திருக்கு." மருத்துவர் முகத்தில் நிம்மதி இல்லை. நெற்றி இயங்குவதே கவலைக்குரியது, நரம்பில் கோளாறு இல்லை, அந்த நரம்பின் கருவுக்கும் மேலே, மூளையில் கோளாறு என்று விளக்க முயன்றார். தமிழ்ச் சொல்லுக்காக அவர் தேடியதும், ஆங்கிலச் சொல்லைத் தவிர்த்துப் பொறுப்போடு 'கரு' என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அத்தை என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "எழுவத்தி மூணு வயசுல கருவுல என்னடி கோளாறு வரும்? அது எப்பயோ நின்னுபோச்சே."

இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அந்த நேரம் பகலிலேயே கடந்துவிட்டது. இதில் மருத்துவமனையின் பிழை எதுவுமில்லை. காலையில் வீட்டில் வழங்கிய 'முகவாதம்' என்ற சொல்லும் மாலையில் மருத்துவமனையில் வழங்கிய 'கரு' என்ற சொல்லும் ஒரே குறைபாட்டின் இரு முனைகள் என்று பின்னர் தோன்றியது.

முகவாதம்: ஒரு சொல், இரு நோய்கள்

முகத் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பின் இயக்கக் கரு பாலத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளது. பெருமூளையிலிருந்து கட்டளை அதற்கு வருகிறது. அங்கிருந்து நரம்பின் வழியே முகத்திற்குச் செல்கிறது. இதில் குறிப்பிடத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. கருவின் ஒரு பகுதி நெற்றியையும் மற்றொரு பகுதி கீழ்முகத்தையும் இயக்குகின்றன. நெற்றிக்கான அணுக்கள் பெருமூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை பெறுகின்றன. கீழ்முகத்திற்கான அணுக்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே பெறுகின்றன. ஆகவே பெருமூளையின் ஒரு பக்கம் பழுதுபட்டால் வாய் கோணும். நெற்றி தப்பும், மற்றொரு பக்கத்தின் கட்டளை எஞ்சியிருப்பதால். கருவோ, கருவிலிருந்து வெளிவரும் நரம்போ பழுதுபட்டால் பாதி முகம் முழுவதுமே செயலிழக்கும். நெற்றி சுருங்காது, கண்ணும் மூடாது.

காண்பவர் கண்ணுக்குப் பின்னதே கொடியது. உண்மையில் பின்னது பெரும்பாலும் சார்லஸ் பெல்லின் பெயரால் வழங்கும் நரம்பு வாதம். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாவது. முன்னது பக்கவாதத்தின் முகம். தோற்றமும் ஆபத்தும் இங்கு தலைகீழாக உள்ளன. இரண்டையும் பிரித்தறியக் 'கருவுக்கு மேலா, கீழா' என்னும் ஒரே வினா போதும். தமிழ் வழக்கில் இரண்டுக்கும் முகவாதம் என்ற ஒரே பெயர். வாதம், பித்தம், கபம் என்னும் மரபில் அச்சொல் நோயின் இயல்பைக் கூறுகிறது, இடத்தைக் கூறுவதில்லை. அது மரபு மருத்துவத்தின் குறையன்று. அம்மருத்துவம் கேட்ட வினா வேறு. ஆனால் இன்றைய மருத்துவம் இடத்தைக் கேட்கிறது. அந்த இடத்தின் பெயர் தமிழில் உருவாகவில்லை, அல்லது உருவாகியும் உதவவில்லை.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. பாலத்தினுள்ளேயே பழுது ஏற்பட்டு, முக நரம்பின் கருவோ அதன் இழைகளோ தாக்கப்பட்டால், பழுதுபட்ட பக்கத்தில் முகமும் எதிர்ப்பக்கத்தில் கைகால்களும் செயலிழக்கும். கைகால்களுக்கான பாதை அதற்குக் கீழேதான் பக்கம் மாறுகிறது. முகம் ஒருபுறமும் உடல் மறுபுறமும் என்ற இந்த மாறுவாதத்தைப் பிரெஞ்சு மருத்துவர்களான மில்லாரும் குப்லேரும் 1850களில் விளக்கினர். இன்றும் அது அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. உயிரோடிருக்கும் மனிதரின் முகத்தையும் கையையும் பார்த்தே மூளைத்தண்டினுள் இத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் பழுது என்று கூற முடிந்தமை நரம்பியலின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. கருக்கள் என்ற கருத்து இல்லாமல் அது இயலாது.

கரு என்னும் சொல்லின் சுமை

தமிழில் 'கரு' சும்மா கிடந்த சொல்லன்று. கருவுறுதல், கருப்பை, கருக்கலைப்பு என்பவற்றில் அது தாயின் வயிற்றிலுள்ள உயிர். இலக்கணம் பயின்றவர்க்கு முதல், கரு, உரி என்ற தொல்காப்பியப் பகுப்பு; அங்கு அது தெய்வம், உணா, விலங்கு, மரம், புள், பறை எனத் திணைக்குரியவற்றின் தொகுதி. திறனாய்வாளர்க்குக் கதைக்கரு. சமையலறையில் மஞ்சட்கரு, வெள்ளைக்கரு. பெயரடையாக நின்றால் கருமை; கருமேகம், கருங்கல். இவையனைத்தும் இறந்துபோன பொருள்கள் அல்ல, அன்றாடம் வழங்குபவை.

இச்சுமையோடு அச்சொல் மூளைக்குள் நுழையும்போது நேர்வதைக் காண ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நடுமூளையில் செந்நிறமாய்த் தோன்றும் ஒரு கரு உண்டு. அதனைத் தமிழாக்கினால் 'செங்கரு'. கேட்பவர்க்கு முட்டையின் மூன்றாவது பகுதி போலத் தோன்றும். சொல்லாராய்ச்சியாளர்க்குச் செம்மையும் கருமையும் ஒருங்கே நிற்கும் முரண். அதற்கு அருகிலேயே உண்மையிலேயே கருநிறமான பொருள் ஒன்றும் இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் தேய்வது அதுவே. அதற்கும் 'கரு' என்ற அடையே வேண்டும்.

உயிரணுவினுள் உள்ளதற்கும் கரு, உட்கரு என்றே வழங்குகிறோம். அணுவின் நடுவே உள்ளதற்கு அணுக்கரு. துறைதோறும் தனித்தனியே சொல் தொகுக்கும் வழக்கத்தின் விளைவு இது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற்கள் தொகுதியும் துறைவாரியாகவே அமைந்தது. பின்வந்தவையும் பெரும்பாலும் அவ்வாறே. இயற்பியலில் ஒரு சொல் பொருந்தினால் உயிரியலும் அதை எடுத்துக்கொள்கிறது. உயிரியலில் பொருந்தியதை உடற்கூற்றியல் எடுத்துக்கொள்கிறது. மூன்றும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் நாளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த வாக்கியம் நரம்பியலில் உண்டு. முக நரம்பை அறுத்தால், அந்நரம்பு புறப்படும் தொகுதியிலுள்ள உயிரணுக்கள் வீங்கும். ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலுள்ள உட்பொருளும் ஓரத்திற்கு ஒதுங்கும். நிஸ்ல் என்பவர் தம் சாயமுறையால் கண்ட இம்மாற்றமே எந்த நரம்பு எத்தொகுதியிலிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்டறியும் வழியாகவும் அமைந்தது. இதனை இன்றைய கலைச்சொற்களில் எழுதினால், 'நரம்பை அறுத்தால் உட்கருவிலுள்ள நியூரான்களின் உட்கரு ஓரத்திற்கு நகரும்' என்றாகும். இதை முதன்முறையாகப் படிக்கும் மாணவர் எந்த உட்கரு நகர்கிறது என்று எவ்வாறு அறிவார்?

ஆங்கிலத்திலும் இதே இருபொருள் நிலை உள்ளது, அங்கு எவரும் இடர்ப்படவில்லையே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஜெர்மனில் அணுவுக்கும் உயிரணுவுக்கும் மூளைக்கும் ஒரே சொல்தான். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசுபவர்க்கு அந்த இலத்தீன் சொல் வீட்டுச் சொல் அன்று. அதற்கு அடுக்களையிலோ பேறுகால அறையிலோ வேலை இல்லை. பொருள் மூன்றானாலும் மூன்றும் வகுப்பறைப் பொருள்களே. 'கரு' அவ்வாறில்லை. இங்கு வகுப்பறைப் பொருள் வீட்டுப் பொருளோடு மோதுகிறது. அம்மோதலில் வெல்வது எப்போதும் வீட்டுப் பொருளே.

மாங்கொட்டையும் பருப்பும்

இலத்தீன் மூலச்சொல் கொட்டைப்பருப்பைக் குறிப்பது. ஜெர்மன் சொல் வித்தையும் பருப்பையும் குறிக்கும். பிரெஞ்சில் வழங்கும் 'நுவாயோ' பழத்தின் நடுவிலுள்ள கொட்டை. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிரான்சில் மருத்துவம் பார்த்துத் திரும்பும் முதியவர் ஒருவர் தம் மருத்துவக் குறிப்பில் அச்சொல்லைக் கண்டால் அவருக்கு மாங்கொட்டை நினைவுக்கு வரும். கருப்பை நினைவுக்கு வராது. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனிகளை வாரியிறைத்து அம்மையாருக்கு விழா எடுக்கும் ஊரில் இந்த உவமை இயல்பாகவே பொருந்தும்.

ஆனால் எந்தப் பகுதியை உவமையாகக் கொள்வது? கொட்டை வேறு, அதனுள்ளிருக்கும் பருப்பு வேறு. மூளைத்தண்டின் தொகுதிகளுக்கு ஓடு இல்லை. சுற்றியுள்ள இழைகளுக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகளாகவே அவை தோன்றும். எனவே உவமை அளவில் 'பருப்பு' பொருந்தும். 'முகநரம்புப் பருப்பு' என்று எழுதிப் பார்த்தால் அது எங்கும் நிலைக்காது என்பது உடனே விளங்கும். சொல் சரியாக இருப்பதும் சொல்லத்தக்கதாக இருப்பதும் வேறு வேறு.

கிறீன் செய்ததும் நாம் கற்றதும்

தமிழில் உடற்கூற்றியல் எழுதப்பட்ட வரலாற்றை யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் இலங்கைக்கு வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர் 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். அவரும் அவருடைய மாணாக்கர்களும் மொழிபெயர்த்த நூல்களில் 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' கிரேயின் உடற்கூற்றியல் நூலின் தமிழ் வடிவம். கிரேயின் மூலம் 1858இல் இலண்டனில் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது என்பதை இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் நமக்குப் பெருமையைவிட வெட்கமே மிகும்.

கிறீனின் சொல்லாக்க நெறி எளிது. முதலில் தமிழில் சொல் உளதா என்று தேடுதல், இல்லையேல் வடமொழியில் தேடுதல், அங்கும் இல்லையேல் மூலச்சொல்லை ஒலிபெயர்த்தல். 'அங்காதிபாதம்' என்ற பெயர் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கியப் பெயர்களின் ஒலியைத் தாங்கியிருப்பதால் அக்காலத் தமிழ் மாணவருக்கு அயலாகத் தோன்றியிராது. அதே வரிசையில் 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. ஒலிபெயர்ப்பாயினும் தமிழ்ச் சொல்லுரு பெற்றது. இந்நெகிழ்வே கிறீனின் வலிமை.

அவர் மரபைப் பாராட்டுவோர் பலர் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அவர் மாணாக்கர்கள் தமிழ் பேசும் நோயாளிகளிடையே தமிழிலேயே பணிபுரியப் பயிற்றப்பட்டவர்கள். ஆகவே நூலின் சொல்லும் நோயாளியிடம் பேசும் சொல்லும் ஒருவர் வாயிலேயே சந்தித்தன. பொருந்தாத சொல் அங்கேயே தேய்ந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொற் குழுக்களுக்கு அந்த உராய்வு வாய்க்கவில்லை. மருத்துவர் ஆங்கிலத்தில் பயின்றார், தமிழறிஞர் அகராதியில் சொல் படைத்தார். இருவரும் படுக்கையருகே சந்திக்கவில்லை. 2022இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தி வழி மருத்துவ நூல்கள் வெளிவந்தபோது ஆங்கிலக் கலைச்சொற்களைத் தேவநாகரியில் அப்படியே எழுதியதைக் கண்டு நம்மவர் சிலர் எள்ளினர். எள்ளலில் பாதி நியாயம். ஒலிபெயர்ப்பு எதையும் விளக்காது. ஆனால் தவறாகவும் விளக்காது.

மூளைத்தண்டின் கருக்களைப் பொறுத்தவரை கிறீனிடம் ஆயத்தச் சொற்களை எதிர்பார்ப்பதற்கில்லை. ஸ்டில்லிங் 1840களில் மெல்லிய தொடர்வெட்டுகளால் இவற்றுள் பலவற்றைக் கண்டிருந்தார் என்பது உண்மை. எனினும் எல்லைகளைத் தெளிவாகக் காட்டிய சாயமுறைகள் கிறீனின் வாழ்நாள் இறுதியில்தான் உருவாயின. அவர் நெறியை மட்டுமே நாம் எடுத்துக்கொள்ள முடியும்.

உருவகத்தை மொழிபெயர்த்தலின் இடர்

கருக்களின் தனிப்பெயர்களுக்கு வருவோம். இவற்றுள் பல, கண்டவர் எதைக் கண்டார் என்பதைவிட எவ்வாறு கண்டார் என்பதையே கூறுகின்றன. முகுளத்தில் ஒரு கருவுக்கு 'ஐயத்திற்குரியது' என்ற பொருளில் இலத்தீன் பெயர். அதன் அணுக்கள் நெருங்கி நில்லாமல் சிதறியிருப்பதால் எல்லை காண்பது கடினம், ஐயம் காண்பவருடையது. அதன் பணியில் ஐயம் ஏதுமில்லை. ஒன்பதாம், பத்தாம் நரம்புகளின் வழியே விழுங்குதலையும் குரலையும் இயக்குவது அதுவே. அது பழுதுபட்டால் குரல் கரகரக்கும், உணவு புரையேறும். அதற்குத் 'தெளிவிலாக் கரு' என்று பெயரிட்டால் நோயாளிக்கு எதைச் சொல்கிறோம்? 'விழுங்கற் கொத்து' என்றாலோ 'தொண்டைக் கொத்து' என்றாலோ பணியும் புரியும், அறிகுறியும் புரியும்.

'தனித்தது' என்னும் பொருளுடைய பெயர் இன்னும் விந்தையானது. தனித்து நிற்பது அதன் நடுவே செல்லும் இழைக்கற்றை; சூழ்ந்துள்ள கரு மூன்று நரம்புகளிலிருந்து சுவையையும் உள்ளுறுப்புச் செய்திகளையும் பெறுவது. தனிமை என்ற சொல் அதற்கு நேர் எதிர்.

பத்தாம் நரம்பின் இலத்தீன் பெயர் 'அலைந்து திரிவது'. மண்டையிலிருந்து வயிறு வரை செல்வதால் பொருத்தமே. 'அலையும் நரம்பு' என்ற பெயர் தவறில்லை. ஆனால் 'வேகஸ்' என்ற ஒலிபெயர்ப்பைக் கேட்கும் தமிழர் காதில் 'வேகம்' ஒலிக்கும். அந்நரம்போ இதயத்தின் வேகத்தைக் குறைப்பது. எதிர்பாராத ஒலியொற்றுமை நேர் எதிர்ப்பொருளைத் தரும் இவ்விடத்தில், ஒலிபெயர்ப்பு தவறாக விளக்காது என்று மேலே நான் கூறியதற்கே விலக்கு வேண்டியிருக்கிறது.

நான்காம் நரம்புக்குக் 'கப்பி நரம்பு' எனலாம். கண்ணை இயக்கும் ஒரு தசை சிறு வளையத்தின் வழியே சென்று திசை திரும்புவதால் வந்த பெயர் அது. கிணற்றடிக் கப்பியில் கயிறு திரும்புவதைக் கண்டவர்க்கு ஒரே சொல்லில் விளங்கும். கிணறுகள் குறைந்துவரும் காலத்தில் சாலைக்குப் போடும் கப்பியே இளையோர் நினைவுக்கு வரலாம். இருந்தும் இங்கு உருவகம் பணியைக் கூறுவதால் மொழிபெயர்ப்புத் தகும். முகுளம் என்ற பெயரே மூலத்தின் பொருளைக் கொள்ளவில்லை. மூலம் 'மச்சை' என்பது, முகுளமோ மொட்டு. பொருளை விட்டு வடிவைப் பிடித்த அச்சொல் பள்ளிப் பாடநூல்களின் வழியே நன்றாக நிலைத்துவிட்டது. மூலத்திற்கு உண்மையாயிருத்தல் கலைச்சொல்லின் தகுதிகளில் ஒன்றே. முதற்றகுதி அன்று என்பதற்கு இதுவே சான்று.

காழா, கொத்தா?

மாற்றுச் சொல்லைத் தேடியபோது முதலில் என்னைக் கவர்ந்தது 'காழ்'. விதை, பருப்பு, மரத்தின் வயிரம், மணிவடம் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. தொல்காப்பிய மரபியல் மரத்தையும் புல்லையும் உள்வயிரம், புறவயிரம் கொண்டு பிரிப்பதும் இச்சொல்லாலேயே. விதை என்ற பொருள் இலத்தீனுக்கு ஒப்பானது. மணிவடம் என்ற பொருள் அதைவிடச் சிறப்பு. மூளைத்தண்டின் இயக்கக் கருக்கள் நடுக்கோட்டை ஒட்டியும் உணர்வுக் கருக்கள் வெளிப்புறமாகவும் நெடுக வரிசையாக, வடத்தில் கோத்த மணிகள்போல அமைந்திருக்கின்றன. ஒரு சொல்லில் பருப்பும் அவற்றின் வரிசையும் அமைவது தமிழாசிரியர்க்குத் தேன்.

அதனாலேயே அதனை ஐயுற்றேன். இம்மகிழ்ச்சி ஆராய்ச்சியாளருடையது. அத்தையிடம் 'காழில் கோளாறு' என்று கூறியிருந்தால் அவர் ஒன்றும் புரியாமல் விழித்திருப்பார். சற்றுப் படித்தவராயின் 'காழ்ப்பு' நினைவுக்கு வந்திருக்கும். செவ்வியல் சொல்லை மீட்டெடுப்பது பெரும்பாலும் நல்லதே. ஆனால் உயிர் ஊசலாடும் இடத்தில் சங்க அகராதியைத் திறக்க இயலாது.

'கொத்து' எளிய சொல். பூங்கொத்து, சாவிக்கொத்து என்று ஒரே வகைப் பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதை அது குறிக்கும். நெருங்கியிருந்தாலும் கொத்து, சற்றுச் சிதறியிருந்தாலும் கொத்து. கொத்திலிருந்து காம்பு புறப்படுவதுபோல் நரம்பு புறப்படுவதாகக் கூறவும் இடமுண்டு. உயிரணுவின் உட்கருவோடு மோதுவதில்லை: 'நரம்பை அறுத்தால் கொத்திலுள்ள நரம்பணுக்களின் உட்கரு ஓரத்திற்கு நகரும்' என்னும்போது எது நகர்கிறது என்பதில் ஐயமில்லை. கொத்துக்கு மேல், கொத்தில், கொத்துக்குக் கீழ் என மருத்துவர்க்கு வேண்டிய மூன்று நிலைகளும் இயல்பான வேற்றுமையுருபுகளால் அமைந்துவிடுகின்றன. 'கருமேல்' என்று எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

குறை இல்லாமலில்லை. கொத்து என்பது வினையாகவும் வரும். பாம்பு கொத்துவதும் மண்ணைக் கொத்துவதும் உண்டு. மூளைக்கு வெளியே உள்ள நரம்பணுத் தொகுதிகளுக்கு 'முடிச்சு' என்ற சொல் ஏற்கெனவே வழங்குவதால் கொத்துக்கும் முடிச்சுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டியிருக்கும். செங்கருவைச் 'செங்கொத்து' என மாற்றுவதில் தடையில்லை.

எஞ்சும் சொல்: நரம்பு

கொத்தை ஏற்றாலும் அதன் முன்னொட்டான 'நரம்பு' தீராத வினாவாகவே நிற்கிறது. யாழின் தந்திக்கு நரம்பு என்ற பெயர் பழமையானது. கிரேக்கத்திலும் இத்துறைக்கு மூலமான சொல் முன்பு தசைநாணையும் வில்நாணையும் குறித்தது. அங்கு அறிவியல் பொருள் பழைய பொருளைத் துடைத்துவிட்டது. தமிழில் அது நிகழவில்லை. மருத்துவமனைகளில் செவிலியர் ஊசி ஏற்றும்போது "நரம்பே கிடைக்கலைம்மா" என்பது இரத்தக்குழாயை. 'நரம்பு ஊசி' என்பதும் அதையே. கோபத்தில் பொட்டில் புடைக்கும் குழாயைக் காட்டி 'மண்டை நரம்பு' என்று கூறுவோரும் உளர். ஆகவே 'மண்டை நரம்பின் கொத்தில் கோளாறு' என்று ஒரு மருத்துவர் கூறினால், அதை நெற்றிப்பொட்டில் புடைக்கும் இரத்தக்குழாயின் கோளாறாக ஓர் உறவினர் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. பக்கவாதம் இரத்தக்குழாயால் வருவது என்பதால் அந்தப் புரிதல் பாதி சரியாகவும் அமைந்துவிடும். பிழையைக் கண்டுபிடிப்பது அதனாலேயே கடினம். ஜிப்மரின் காரைக்கால் வளாகம் 2016 முதல் இயங்கிவரும் இவ்வூரில், மாணவர்கள் ஆங்கிலத்தில் பயின்றதை வட்டார வழக்கில் விளக்கும் தருணங்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தால், இச்சொற்கள் எங்கே இடறுகின்றன என்பது ஊகத்திற்கு இடமின்றித் தெரியவரும். அத்தகைய களத்தரவைத் திரட்டுவதற்கு நெறிமுறைக் குழுவின் இசைவும் நோயாளிகளின் ஒப்புதலும் வேண்டும். என் முனைவர்பட்ட ஆய்வின் அடுத்த இயல் அதுவே.